மோட்டார் வண்டியின் சுக்கானும் அதன் எண்ணெய்க் குழாய்களும்

ஓட்டப்பிடாரம் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் நினைவில் எழுவது ஒரு கப்பலே. அவ்வூரோ கடற்கரையில் அமைந்ததன்று. பருத்தியும் கம்பும் விளையும் கரிசற்புலங்களின் நடுவே இருப்பது. எனினும், 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அங்குப் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுத்தமையால், அலையோசை கேளாத அவ்வூரும் கப்பலோடு சேர்த்தே எண்ணப்படுவதாயிற்று.

கப்பலை நினைப்பவர் அதன் கொடியை நினைப்பர்; புகைபோக்கியை நினைப்பர்; சுக்கானை நினைப்பவர் மிகச் சிலரே. நீருக்குள் மறைந்து கிடக்கும் அச்சிறு பலகையே பெருங்கலத்தைத் திருப்புவது என்பது நாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டறிந்த செய்தி. கப்பல்கள் அளவிற் பெருகப் பெருக, அப்பலகையைத் திருப்புதற்கு மாலுமியின் கைவலி போதாதாயிற்று. ஆகவே, ஜான் மக்ஃபார்லேன் கிரே என்பவர் நீராவியாற் சுக்கானைத் திருப்பும் இயந்திரமொன்றிற்கு 1866இல் உரிமை பெற்றார். அஃது அக்காலத்தின் மிகப் பெரிய கப்பலாகிய ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்பதிற் பொருத்தப்பட்டது. மாலுமி சக்கரத்தை இலேசாகத் திருப்பினால் நீராவி சுக்கானைத் திருப்பும். சக்கரம் நின்ற அளவிற் சுக்கானும் நிற்கும். வழியைக் காட்டுவது மனிதன், வலியைத் தருவது இயந்திரம் என்னும் இத்தத்துவமே பிற்காலத்தில் மோட்டார் வண்டிக்கும் வந்து சேர்ந்தது. நீராவிக்குப் பதிலாக எண்ணெய் புகுந்தது ஒன்றே வேறுபாடு.

அமெரிக்க நாட்டினராகிய பிரான்சிஸ் டேவிஸ் என்பவர், எண்ணெய் அழுத்தத்தால் உதவி செய்யும் திருப்புகருவியைத் தாம் இயற்றி, 1926இல் பியர்ஸ்-ஆரோ வண்டியொன்றிற் பொருத்தி ஓட்டிக் காட்டினார். இரண்டாம் உலகப் போரிற் கனத்த இராணுவ வண்டிகளுக்கு இத்தகைய கருவி பயன்பட்டது. பொதுமக்கள் விலைக்கு வாங்கும் காரில் இது முதன்முதல் வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியல் என்னும் வண்டியிலாகும். நம் நாட்டில் 1984 முதல் 2002 வரை செய்யப்பட்ட கான்டெஸா வண்டிகளுட் சிலவும், 1957இல் தொடங்கி 2014இல் நின்றுபோன அம்பாசிடர் வண்டிகளுட் பிற்காலத்தன சிலவும் இக்கருவியைப் பெற்றிருந்தன. இதனையே ஓட்டுநர்கள் ‘பவர் ஸ்டியரிங்’ என வழங்குவர். 1988இல் ஜப்பான் நாட்டுச் சுசுகி நிறுவனம் மின்சாரத்தால் உதவும் கருவியைக் கொணர்ந்தது முதல், எண்ணெய் வகை சிறிது சிறிதாக அருகி, இன்று புதிய சிறு கார்களில் மின்சார வகையே மிகுதியும் காணப்படுகிறது. ஆயினும், பழைய வண்டியைப் பேணி ஓட்டுவோர் இன்னும் பலர். அவர்களுடைய கைக்கும் சாலைக்கும் இடையே நிற்பன இரண்டு ரப்பர்க் குழாய்கள். அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

இதனை எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணமுண்டு. எம் பெரிய தகப்பனார் எழுபது வயதைக் கடந்தவர். ஓட்டப்பிடாரத்தை அடுத்த சிற்றூரொன்றில் வாழ்பவர். பழைய கான்டெஸா ஒன்றை அருமையாகப் பேணி வருபவர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வண்டியின் குழாய்களுள் ஒன்று கசியத் தொடங்கிற்று. ஒரு பட்டறையில், கசிந்த பகுதியை வெட்டி நீக்கி, இடையிற் சிறு செப்புக் குழாய்த் துண்டைச் செருகி, இருபுறமும் கிளிப் போட்டு முடுக்கிக் கொடுத்தனர். செலவு மிகச் சிறிது, அவரும் மகிழ்ந்தார். மூன்று வாரம் யாதொரு குறையுமின்றி வண்டி ஓடிற்று. ஒருநாள் மாலை, பெரிய தாயாரைத் தூத்துக்குடியில் மருத்துவரிடம் காட்டி மீளுங்கால், சாலை வளைவில் எதிரே உப்பு லாரியொன்று வர, அவர் சக்கரத்தை விரைந்து திருப்பினார். அந்நொடியிற் கிளிப் நழுவிற்று. எண்ணெய் பீறிட்டுச் சூடேறிய புகைக்குழாயின்மேற் சிந்த, வண்டியின் முன்புறம் முழுதும் புகை சூழ்ந்தது. சக்கரம் அவர் கையிற் கல்லெனக் கனத்தது. வண்டி சாலையை விட்டிறங்கி ஓர் உடைமரத்தின்மீது மோதி நின்றது. லாரியின் ஓட்டுநர் ஓடிவந்து மண்ணை அள்ளி வீசினமையாற் புகை நெருப்பாகவில்லை. பெரிய தாயாரின் மணிக்கட்டு முறிந்தது. அது கூடுதற்கு இரண்டு திங்கள் ஆயின. உயிர்ச்சேதமின்றி முடிந்தது இறைவன் அருள். ஆனால், அந்த முறிவு ஒரு கிளிப்பால் வந்தது என்பதை மறத்தற்கில்லை. பின்னர் அவ்வண்டியைச் சீர்செய்தபோது யானும் உடனிருந்து கற்றவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

விசைச் சுக்கான் இயங்கும் விதம்

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிய விதி. விசைச் சுக்கான் முழுதும் இவ்விதியின்மேல் நிற்பதேயாகும்.

வண்டியின் எஞ்சின் ஒரு பெல்ட்டின் வழியே சிறு பம்ப் ஒன்றைச் சுழற்றுகிறது. அப்பம்ப் ஒரு சிறு தொட்டியிலிருந்து எண்ணெயை ஈர்த்துப் ‘பிரஷர் ஹோஸ்’ எனப்படும் குழாயின் வழியே திருப்புகருவிக்குச் செலுத்துகிறது. கருவியின் வாயிலில் ஒரு வால்வு உண்டு. ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்புங்கால், மெல்லிய எஃகுத் தண்டொன்று சிறிதே முறுக்கேறும். அம்முறுக்கு வால்வின் ஒரு பக்கத்தைத் திறக்க, எண்ணெய் பிஸ்டனின் ஒரு புறத்திற் புகுந்து தள்ளும், முன்சக்கரங்கள் திரும்பும். ஓட்டுநர் கையை நிறுத்தினால் முறுக்கு நீங்கும். வால்வும் நடுநிலை எய்தும். பயன்பட்டுத் தளர்ந்த எண்ணெய் ‘ரிட்டர்ன் ஹோஸ்’ வழியே தொட்டிக்கு மீளும்.

நேர்ச்சாலையில் ஓடும்போது பிரஷர் ஹோஸில் அழுத்தம் சிறிதே. ஆனால், நின்ற இடத்திற் சக்கரத்தை முற்றத் திருப்பும்போது, அது சதுர செண்டிமீட்டருக்கு 70 கிலோகிராமையும் கடந்து செல்லக்கூடும். காரின் டயரிலுள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2 கிலோகிராமே என்பதை நினைத்தால், அக்குழாய் தாங்குவது டயர் தாங்குவதைப்போல் முப்பத்தைந்து மடங்கு என்பது தெற்றென விளங்கும். 20 சதுர செண்டிமீட்டர் பரப்புடைய பிஸ்டன்மேல் அவ்வழுத்தம் பட்டால், 1,400 கிலோகிராம் விசை பிறக்கும். ரிட்டர்ன் ஹோஸோ எக்காலத்தும் சிறு அழுத்தத்தையே தாங்குவது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், ஒன்றிற்குச் செய்யத்தக்கதை மற்றொன்றிற்குச் செய்தலாகாது. எம் பெரிய தகப்பனார் வண்டியில் நேர்ந்த பிழை இதுவே. ரிட்டர்ன் ஹோஸிற்குப் போதுமான கிளிப்பைப் பிரஷர் ஹோஸிற் போட்டனர்.

எண்ணெய் முழுதும் ஒழுகிப்போனாலும் சக்கரத்திற்கும் முன்சக்கரங்களுக்கும் உள்ள இரும்பு இணைப்பு அறுவதில்லை, வண்டியைத் திருப்பலாம். ஆனால், மிகுந்த வலி வேண்டும். உதவி இருப்பதாக எண்ணிய கைக்கு அவ்வுதவி திடீரென நீங்குவதே அபாயம். இளைஞன் ஒருவன் சமாளிப்பான். முதியவர் சமாளிப்பது அரிது. எஞ்சின் நின்றாலும் பம்ப் நிற்கும், உதவியும் நிற்கும். ஆதலின், எரிபொருள் மிச்சமாகுமென்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடும் வழக்கம் அறவே ஒழிக்கத்தக்கது.

ஹோஸின் உட்கட்டு

இக்குழாய் வெறும் ரப்பர் அன்று. மரத்திலிருந்து வரும் இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதி நெகிழ்ந்து கெடும். ஆகவே, உட்சுவர் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பராற் செய்யப்படுகிறது. எண்ணெயைத் தாங்குவது இதன் சிறப்பு. அதன்மேல் உறுதியான நூலிழைகள் வலைபோற் பின்னப்படும். அழுத்தத்தைத் தாங்குவது உண்மையில் இப்பின்னலேயாகும். அதற்கும் மேலே, வெப்பத்தையும் வெயிலையும் தாங்கும் நியோப்ரீன் முதலிய ரப்பர் உறை அமையும். இரு நுனிகளிலும் எஃகுக் குழாய் செருகி, உலோக வளையத்தைச் சுற்றிலும் பெரும் விசையால் நெருக்கிப் பிடித்திருப்பர். இதனைத் தொழிலாளர் ‘கிரிம்ப்’ என்பர்.

பிரஷர் ஹோஸிற்கு மற்றுமொரு கடமையுண்டு. பம்ப் எண்ணெயைச் சீராகத் தள்ளுவதில்லை, துடிதுடித்துத் தள்ளுகிறது. ஹோஸ் அழுத்தத்திற் சிறிதே விரிந்து சுருங்கி அத்துடிப்பை விழுங்குகிறது. சில வண்டிகளில் ஹோஸின் உள்ளே மற்றொரு மெல்லிய குழாயும் இதன்பொருட்டே வைக்கப்பட்டிருக்கும். ஆதலின், கம்பி வலை பின்னிய கனத்த ஹோஸை, இது இன்னும் உறுதியானது எனக் கருதிப் பொருத்தினால், அது வெடியாது. ஆனால், விரியாமையாற் சக்கரத்தில் அதிர்வும் முனகலும் தோன்றக்கூடும். அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்தின் தரவிதிகளில் பிரஷர் ஹோஸிற்கு எஸ்.ஏ.இ. ஜே188 என்பதும், ரிட்டர்ன் ஹோஸிற்கு ஜே189 என்பதும் குறியீடுகளாம். கடையில் வாங்குவோர் ஹோஸின்மேல் அச்சிட்ட எழுத்துக்களைப் படித்து வாங்குதல் நன்று.

கேட்டிற்குக் காரணங்கள்

முதற்காரணம் வெப்பம். புகைக்குழாயின் அருகே கிடந்து நாடோறும் சூடேறி ஆறும் ரப்பர், தன் நெகிழ்ச்சியை இழந்து கட்டையாகும். இரண்டாவது அசைவு. எஞ்சின் தன் தாங்கிகளின்மேற் குலுங்க, ஹோஸ் ஒரே இடத்தில் வளைந்து வளைந்து பிளக்கும். மூன்றாவது உராய்வு. கட்டு அவிழ்ந்த ஹோஸ் தகட்டின் விளிம்பில் தேய்ந்து பின்னல் அறும். நான்காவது ஓட்டுநரின் பழக்கம். சக்கரத்தைக் கோடிவரை திருப்பி அப்படியே அழுத்திப் பிடித்திருந்தால், பம்ப் தன் முழு அழுத்தத்தையும் ஹோஸின்மேற் காட்டும். எண்ணெயும் விரைவிற் கொதிநிலைபோற் சூடேறும்.

ஐந்தாவது நம் நாட்டுக் கடற்கரைக்கே உரிய காரணம். தூத்துக்குடி முதல் தருவைகுளம், வேம்பார் வரை உப்பளங்களின்மேல் வீசிவரும் காற்று இரும்பைத் தின்பது. ஹோஸின் ரப்பர் நன்றாயிருக்க, அதன் நுனியிலுள்ள எஃகு வளையமும் குழாயும் துருவேறி உதிர்வதை இப்பகுதியில் அடிக்கடி காணலாம். துரு வளையத்தினுள் ஊடுருவினால் அதன் பிடி தளரும். மேலே துடைத்துப் பார்ப்பவனுக்கு அது தோன்றாது.

ஆறாவது, யாரும் எண்ணாதது, காலம். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படைகிறது. ஆகவே, இவ்வண்டி ஐயாயிரம் மைலே ஓடிற்று என்பது ஹோஸிற்கு நற்சாட்சியாகாது. கடையில் இருபது ஆண்டு உறங்கிய ‘புதிய’ ஹோஸும் உண்மையிற் பழையதே. ஹோஸின் வயதை மைலால் அன்று, ஆண்டால் எண்ணுதல் வேண்டும்.

அறிகுறிகளும் எச்சரிக்கையும்

தொட்டியில் எண்ணெய் குறைதல், வண்டி நின்ற இடத்தில் முன்புறம் எண்ணெய்த் துளி காணல், கிரிம்ப் வளையத்தருகே ஈரம் கசிந்து தூசி படிதல், திருப்பும்போது பம்ப் முனகல், எண்ணெயில் நுரை தோன்றுதல், சக்கரம் ஒருகால் இலேசாகவும் ஒருகால் கனமாகவும் இருத்தல் ஆகிய இவை அறிகுறிகள். ஹோஸை விரலால் அமுக்கிப் பார்க்கையில் அது கட்டையாகவோ, ஊறிப் பஞ்சுபோலவோ இருந்தாலும், மேலுறையில் வெடிப்புத் தோன்றினாலும் மாற்றுங்காலம் வந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கசிவைக் கையால் தடவித் தேடுதல் கூடாது. ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் கண்ணுக்குப் புலப்படாமலே தோலைத் துளைத்து உள்ளே புகும். மேலே சிறு புள்ளியே தோன்றும். வலியும் முதலிற் சிறிதே. ஆனால், உட்புகுந்த எண்ணெய் தசையை அழிக்கும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். அவ்வாறு நேர்ந்தால், காயம் சிறிதென்று எண்ணாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் சென்று, அழுத்தத்தில் வந்த எண்ணெய் தோலுக்குள் புகுந்தது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைக் குழாயின் அருகே பிடித்தாற் போதும். எண்ணெய்க் கறை இடத்தைக் காட்டிவிடும்.

மாற்றும் முறை

எஞ்சின் முற்றும் ஆறியபின் வேலையைத் தொடங்குக. வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்துக. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் அடியிற் புகுதல் உயிரைப் பணயம் வைப்பதாகும். பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவைக்க. இணைப்புக்களைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் முதலிலேயே கழுவித் துடைத்துவிடுக. ஒரு மணல்துகள் உள்ளே சென்றாலும் வால்வையும் பம்பையும் கீறிவிடும். பழைய ஹோஸ் எவ்வழியே செல்கிறது, எங்கெங்குக் கட்டப்பட்டுள்ளது என்பதைப் படம் எடுத்தோ வரைந்தோ வைத்துக்கொள்ளுக.

தொட்டியிலுள்ள எண்ணெயைப் பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்தபின், அடியில் அகன்ற தட்டொன்றை வைத்து, ரிட்டர்ன் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி மீதியையும் வடியவிடுக. அதன்பின் பிரஷர் ஹோஸின் திருகுமூடிகளைக் கழற்றுக. துருவேறியிருப்பின் துருநீக்கி எண்ணெயை முதல் நாளே இட்டு ஊறவிடுதல் நலம். சாதாரண ஸ்பானர் திருகின் முனைகளை மழுக்கிவிடும். குழாய்த் திருகைப் பெரும்பாலும் சூழ்ந்து பிடிக்கும் தனி ஸ்பானரையே கையாளுக. பம்பின் பக்கம் உள்ள இணைப்பை மற்றொரு ஸ்பானராற் பிடித்துக்கொண்டே கழற்றுக. இல்லையேல் அதுவும் உடன்சுழன்று உள்ளே உடையும். திறந்த வாய்களைத் தூய மூடியால் உடனே அடைக்க.

பழையதையும் புதியதையும் பக்கத்திற் பக்கம் வைத்து நோக்குக. நீளம், வளைவு, நுனியின் வடிவு, திருகின் அளவு ஆகிய நான்கும் ஒத்திருத்தல் வேண்டும். நுனி விரிந்து தட்டி அமர்வதா, ரப்பர் வளையத்தால் அடைவதா, செப்பு வாஷரால் அடைவதா என்பதைக் கவனிக்க. ஒன்றிற்கு மற்றொன்று பொருந்தாது. நம் பழைய வண்டிகளில் ஆங்கில அங்குலத் திருகும், பிற்காலத்திற் பொருத்தப்பட்ட ஜப்பானிய எஞ்சினின் மெட்ரிக் திருகும் ஒரே வண்டியிற் கலந்திருத்தல் கூடும். விரலால் எளிதில் ஏறாத திருகை ஸ்பானரால் ஏற்ற முயல்பவன் பம்பையே பாழாக்குவான்.

ரப்பர் வளையத்தையும் செப்பு வாஷரையும் எப்போதும் புதிதாகவே இடுக. அவற்றில் அக்கருவியின் எண்ணெயையே சிறிது தடவுக. இரு நுனிகளையும் முதலில் விரலால் முடிந்தமட்டும் ஏற்றி, ஹோஸ் முறுக்கின்றிப் படிந்திருக்கிறதா என்று பார்த்தபின் இறுக்குக. ஹோஸின்மேல் நீளவாட்டில் அச்சிட்ட கோடு நேராகச் சென்றால் முறுக்கில்லை. கொடிபோற் சுற்றிச் சென்றால் முறுக்கேறியது என்க. முறுக்கிய ஹோஸ் அழுத்தம் ஏறும்போதெல்லாம் தன்னை நிமிர்த்திக்கொள்ள முயன்று திருகைத் தளர்த்தும். புகைக்குழாயிலிருந்து விலகியும், எஞ்சினின் குலுக்கத்திற்குச் சிறிது இடம் விட்டும், பழைய கட்டுக்களிலேயே கட்டுக. எவ்வளவு இறுக்குவது என்பதற்கு வண்டியின் கைப்புத்தகமே பிரமாணம்.

ரிட்டர்ன் ஹோஸையும் உடன் மாற்றிவிடுதல் அறிவுடைமை. இரண்டும் ஒரே வயதினவன்றோ? இதற்குக் கிளிப் தகும். ஆனால், ரேடியேட்டருக்கு நீர் செல்லும் ஹோஸை இங்கே இடலாகாது. அஃது எண்ணெய்க்கு ஆகாத வேறு வகை ரப்பர். சில நாளில் ஊதி நழுவும்.

எண்ணெயும் கைப்புத்தகம் கூறியதே ஆதல் வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றிற்குத் தானியங்கிக் கியர்ப்பெட்டிக்குரிய சிவந்த எண்ணெய் விதிக்கப்பட்டுள்ளது, சிலவற்றிற்கு வேறு. பிரேக் எண்ணெயை ஒருபோதும் இதில் ஊற்றற்க. அது வேறு இனத்தது, அடைப்பு வளையங்களையெல்லாம் கெடுத்துவிடும்.

தொட்டியை நிரப்பியபின் காற்றை வெளியேற்றுதல் கடைசி வேலை. முன்சக்கரங்கள் தரையில் படாமல் இருக்கும்போதே, எஞ்சினை ஓட்டாமல், சக்கரத்தை இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு மெல்ல மெல்லப் பதினைந்து இருபது முறை திருப்புக. தொட்டியிற் குமிழிகள் எழும், எண்ணெய் தாழும், தாழத் தாழ நிரப்புக. குமிழி நின்றபின் பேட்டரியை இணைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மீண்டும் இவ்வாறே சிலமுறை திருப்புக. கோடியிற் பிடித்து நிறுத்த வேண்டா. எண்ணெய் பால்போல் நுரைத்தால், எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் பொறுத்திருந்து மறுபடி தொடங்குக. பின்பு வண்டியை இறக்கி, அட்டையைக்கொண்டு கசிவைச் சோதித்து, சிறிது தூரம் ஓட்டிவந்து, மீண்டும் ஒருமுறை எண்ணெய் அளவையும் இணைப்புக்களையும் பார்த்தபின்னரே வேலை முடிந்ததென எண்ணுக.

வடித்த எண்ணெயைப் பனந்தோப்பிலோ கால்வாயிலோ கொட்டுதல் பாவம். மழைநீரை நம்பிய கண்மாய்களும் கிணறுகளுமே கரிசற்பூமியின் செல்வம். அவற்றைக் கடந்து செல்லும் எண்ணெய் சேரும் இடமோ, 1986இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா. மூடிய பாத்திரத்திற் சேர்த்துப் பழைய எண்ணெயைச் சுத்திகரிக்க உரிமம் பெற்றவரிடம் சேர்ப்பதே முறை.

புதிய ஹோஸ் கிடைக்காவிடில்

செய்வது நின்றுபோன வண்டிகளுக்கு ஏற்ற ஹோஸ் கடையில் அகப்படாமை இயல்பே. அதற்காக வெட்டி ஒட்டுதல் வேண்டியதில்லை. கிரேன்களும் லாரிகளும் மிகுந்த ஊர்களில், ஹைட்ராலிக் ஹோஸ்களை இயந்திரத்தால் கிரிம்ப் செய்து கொடுக்கும் கடைகளைத் தேடிப் பிடித்தல் இயலும். பழைய ஹோஸை முழுதாக அங்கே கொண்டுசென்று, அதன் எஃகு நுனிகள் துருவின்றி நன்றாயிருப்பின் அவற்றையே வைத்து, இடையிற் புதிய ஹோஸ் இட்டுக் கிரிம்ப் செய்விக்கலாம். நுனி துருவேறியிருப்பின் அதனையும் புதிதாகச் செய்விக்க. கடைக்காரரிடம், இது பவர் ஸ்டியரிங்கின் பிரஷர் ஹோஸ் என்பதையும், பயன்படும் எண்ணெய் இன்னதென்பதையும், புகைக்குழாயின் வெப்பம் உண்டென்பதையும் வாய்திறந்து சொல்லுக. ஹைட்ராலிக் ஹோஸ்களுக்குத் தரவிதி வகுத்தோர், வெடிக்கும் அழுத்தம் தொழிலழுத்தத்தைப்போல் நான்கு மடங்காதல் வேண்டுமென்று பொதுவில் விதித்துள்ளனர். அந்நான்கு மடங்குப் பாதுகாப்பு ஹோஸிற்கும் கிரிம்பிற்கும் சேர்த்தே உரியது. திருகுக் கிளிப்பிற்கு அதில் ஒரு பங்குமில்லை.

முடிவுரை

நம் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயினும், அதன் முறைகள் பரதவர் நினைவில் இன்னும் உள்ளன. கல்லைப் பற்றிக் கடலடிக்கு இறங்குபவனுக்கும் தோணியில் நிற்பவனுக்கும் இடையே இருந்தது ஒரு கயிறு. அக்கயிற்றைப் பிடிக்கத் தன் மைத்துனனையே வைத்துக்கொள்வது வழக்கம் என்பர். நைந்த கயிற்றை முடிச்சிட்டு இன்று ஒருநாள் பார்ப்போம் என்று எவனும் இறங்கியதில்லை. அது அறுந்தபின் மாற்றப்படும் பொருளன்று. அறுமுன் மாற்றப்படும் பொருள்.

பிரஷர் ஹோஸும் அவ்வகையினதே. இதன் விலை வண்டியின் மற்ற உறுப்புக்களை நோக்க மிகச் சிறிது. இதன் இடமோ கண்ணிற் படாத மூலை. ஆயினும், பாரம் முழுதும் இதன்மேல் நிற்கிறது. டயர் தேய்ந்தால் எல்லோரும் காண்பர். விளக்கு அணைந்தால் காவலர் காண்பர். ஹோஸ் மூத்ததை வண்டிக்கு உரியவன் ஒருவனே கண்டாக வேண்டும்.

எம் பெரிய தகப்பனார் இன்றும் அக்கான்டெஸாவையே ஓட்டுகிறார். புதிய ஹோஸ்கள் இரண்டும் பொருத்தப்பட்ட நாளன்று, சிறு தகரத்துண்டொன்றில் ஆண்டையும் மாதத்தையும் ஆணியாற் பொறித்துத் தொட்டியின் கழுத்திற் கம்பியாற் கட்டிவைத்தார். பத்தாண்டு நிறைந்ததும், கசிந்தாலும் கசியாவிட்டாலும், இரண்டையும் மாற்றிவிட வேண்டுமென்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட சட்டம். பெரிய தாயார் வண்டியில் ஏறுமுன் அத்தகரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இன்றே தம் வண்டியின் முன்மூடியைத் திறந்து, அக்குழாய்களை ஒருமுறை விரலால் அமுக்கிப் பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயன் கைகூடும்.